ஹோட்டல் டேபிளில் க்யூஆர் ஆர்டர்: கிச்சனில் தொடங்கி ஸ்டிக்கர் வரை முழு வழிகாட்டி

க்யூஆர் ஆர்டர் வைக்க நினைக்கும் ஹோட்டல்காரர்கள் பெரும்பாலும் ஸ்டிக்கரில் இருந்துதான் ஆரம்பிக்கிறார்கள். டேபிள் நம்பர் போட்டு அழகாக அச்சடித்து, அக்ரிலிக் ஸ்டாண்டில் செருகி வைத்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைப்பு. ஆர்டர் வரத்தான் செய்யும். வந்த ஆர்டர் யார் கைக்குப் போகிறது, தோசைக்கல்லில் நிற்பவருக்கு எப்படித் தெரிகிறது, ஞாயிற்றுக்கிழமை காலையில் பத்து டேபிள் ஒரே சமயத்தில் தட்டினால் என்ன ஆகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. அதனால் இங்கே கிச்சனில் தொடங்கி டேபிளுக்கு வரப்போகிறோம். ஸ்டிக்கர் ஆறாவது படிதான்.

பேசுவதற்கு வசதியாக ஒரு ஹோட்டலை எடுத்துக்கொள்வோம். சுமார் இருபது டேபிள் உள்ள சைவ ஹோட்டல். ஒரு சாதா ஹால், ஒரு ஏசி ஹால். காலையும் மாலையும் டிபன், மதியம் மீல்ஸ். தமிழ்நாட்டில் எந்த ஊர் பஸ் ஸ்டாண்டு பக்கம் போனாலும் இப்படி ஒன்று இருக்கும். பரோட்டாக் கடை, பிரியாணிக் கடை, ஜூஸ் கடை வைத்திருப்பவர்களுக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும்.

முதல் படி: எந்த நேரத்துக்கு, எந்த ஹாலுக்கு என்று முடிவு செய்யுங்கள்

க்யூஆர் என்று சொல்லும்போதே மூன்று வெவ்வேறு வசதிகளைக் குழப்பிக்கொள்கிறோம். ஸ்கேன் செய்தால் மெனு மட்டும் தெரிவது ஒன்று. மெனுவில் இருந்தே ஆர்டர் கொடுப்பது இன்னொன்று. ஆர்டர் கொடுத்து, அங்கேயே பணமும் கட்டுவது மூன்றாவது. ஒவ்வொன்றுக்கும் ஆகும் செலவும் வேலையும் வேறு. இந்த வழிகாட்டி இரண்டாவதைப் பற்றியது. மூன்றாவது உங்களுக்குத் தேவையா என்பதைப் பின்னால் பார்ப்போம்.

மீல்ஸ் நேரத்தை இதிலிருந்து விட்டுவிடுங்கள். இலை போட்டு, சாதம் வைத்து, சாம்பார், ரசம், மோர் என்று வரிசையாக வரும் சாப்பாட்டில் ஆர்டர் என்று ஒன்று கிடையாது. "சாப்பாடு மூணு" என்றால் தீர்ந்தது. அங்கே போனைக் கொண்டுவந்தால் வேகம் குறையும்.

டிபனிலும் ஒரு எல்லை உண்டு. நம் ஊரில் கையால் சாப்பிடுகிறோம். முதல் தோசையில் கை வைத்த பிறகு யாரும் போனைத் தொடமாட்டார்கள். இரண்டாவது தோசை, கூடுதல் சட்னி, "கொஞ்சம் சாம்பார் ஊத்துங்க" எல்லாமே சப்ளையரைப் பார்த்துச் சொல்வதுதான். முள்கரண்டியால் சாப்பிடும் நாடுகளுக்காக எழுதிய மென்பொருளில் இந்த யோசனை இருக்காது. அதனால் ஆரம்பத்திலேயே இப்படித் தீர்மானித்துக்கொள்ளுங்கள்: முதல் ஆர்டர் போனில் வரும், அடுத்தது வாய்வழியாக வரும், இரண்டும் ஒரே பில்லில் சேர வேண்டும். நீங்கள் பார்க்கும் மென்பொருளில் சப்ளையர் தன் போனிலிருந்தே அந்த டேபிளின் பில்லில் சேர்க்க முடியாது என்றால் அதை வாங்காதீர்கள்.

எங்கே நன்றாக வேலை செய்யும்? ஏசி ஹாலில் குடும்பமாக வருபவர்களிடம், மாலை டிபன் நேரத்தில், ஜூஸ், ஐஸ்கிரீம் பகுதியில், மெனுவில் அறுபது எழுபது வகை இருக்கும் இடத்தில். இட்லி, பொங்கல், வடை என்று ஆறே வகை விற்கும் இடத்தில் சப்ளையரின் நாக்கை மிஞ்சிய மெனு கிடையாது.

இரண்டாம் படி: கிச்சனைத் தயார் செய்யுங்கள்

நேரம் அதிகம் செலவிட வேண்டிய இடம் இதுதான்.

இதுவரை என்ன நடந்தது என்று பாருங்கள். சப்ளையர் ஆர்டரை வாங்கி உள்ளே போகிறார். கல்லில் ஏற்கெனவே வரிசை நிற்பது தெரிகிறது. திரும்பி வந்து "ரவா தோசை லேட் ஆகும் சார், ஊத்தப்பம் உடனே வரும்" என்கிறார். கிச்சனில் குவியும் சுமையை அவர்தான் கணக்கு பார்த்துத் தள்ளிப் போட்டுக்கொண்டிருந்தார். போன் நேராகக் கிச்சனுக்கு ஆர்டர் அனுப்பினால் அந்தத் தடுப்பு போய்விடும். கல்லில் ஒரு நேரத்தில் இத்தனை தோசைதான் ஊற்ற முடியும் என்பது வாடிக்கையாளருக்குத் தெரியாது.

எனவே இரண்டு வசதிகள் கட்டாயம் வேண்டும். ஒன்று, ஒவ்வொரு பண்டத்துக்கும் "15 நிமிடம் ஆகும்" என்று காட்டவும், தேவைப்பட்டால் தற்காலிகமாக நிறுத்தவும் முடிய வேண்டும். பண்டம் தீர்ந்தால் ஒரே தட்டில் மெனுவிலிருந்து மறைய வேண்டும். இதைச் செய்யும் பொறுப்பை ஒரே ஒருவரிடம் கொடுங்கள். கல்லாவில் இருப்பவரோ சூப்பர்வைசரோ, யாரானாலும் பெயர் சொல்லி ஒப்படையுங்கள். எல்லோருக்கும் பொதுவான வேலை என்றால் யாரும் செய்யமாட்டார்கள். தீர்ந்துபோன வெண்பொங்கலுக்கு ஆர்டர் வந்துகொண்டே இருக்கும்.

இன்னொன்று, ஆர்டர் முதலில் அந்தப் பகுதிச் சப்ளையரின் போனுக்கு வர வேண்டும். அவர் டேபிளை ஒரு பார்வை பார்த்து "சரி" என்று தட்டிய பிறகே கிச்சனுக்குப் போக வேண்டும். சில வினாடிகள்தான் கூடும். தவறான டேபிள், விளையாட்டுக்குக் குழந்தை தட்டியது, இரண்டு முறை அனுப்பியது எல்லாம் அங்கேயே பிடிபடும். நேரடியாகக் கிச்சனுக்குப் போவதுதான் நவீனம் என்று விற்பனையாளர் சொல்வார். முதல் சில மாதங்களுக்காவது இந்தத் தடுப்பை எடுக்காதீர்கள்.

அடுத்தது கேஓடி, அதாவது கிச்சனுக்குப் போகும் ஆர்டர் சீட்டு. உங்கள் கிச்சனில் எத்தனை இடத்தில் வேலை நடக்கிறதோ அத்தனை வழியாக ஆர்டர் பிரிய வேண்டும். தோசைக்கல்லுக்குத் தோசை வகை, காபி மாஸ்டருக்கு காபி, டீ, ஜூஸ் பக்கம் ஜூஸ். இட்லி, வடை போன்ற தயாராக இருக்கும் பண்டங்களுக்குச் சப்ளையரே போதும், சீட்டு வேண்டாம்.

பிரின்டர் விஷயத்தில் நான்கு சங்கதிகள். தெர்மல் பேப்பர் சூடு பட்டால் கறுத்துவிடும், அதனால் அடுப்புக்குப் பக்கத்தில் தெர்மல் பிரின்டரை வைக்காதீர்கள். அங்கேதான் வைத்தாக வேண்டும் என்றால் ரிப்பன் போட்டு அச்சடிக்கும் டாட் மேட்ரிக்ஸ் வகை கேஓடி பிரின்டர் நீடித்து உழைக்கும். வைஃபை பிரின்டரைவிடக் கேபிள் இழுத்த பிரின்டர் நம்பகமானது. எவர்சில்வர் பாத்திரங்களும் சுவர்களும் நிறைந்த கிச்சனில் வைஃபை விட்டு விட்டுத்தான் கிடைக்கும். மூன்றாவது, தமிழ் எழுத்து. சாதாரண பில் பிரின்டர்களில் தமிழ் எழுத்துரு உள்ளே இருக்காது. மென்பொருள் தமிழ் வரியைப் படமாக மாற்றி அனுப்பினால்தான் தமிழில் அச்சாகும், இல்லாவிட்டால் கேள்விக்குறிகளாக வரும். வாங்கும் முன் உங்கள் பிரின்டரிலேயே "நெய் பொடி தோசை" என்று ஒன்றை அடித்துக் காட்டச் சொல்லுங்கள். கடைசியாக, சீட்டு அச்சாகவில்லை என்றால் யாருக்காவது தெரிய வேண்டும். பேப்பர் ரோல் தீர்ந்த பிரின்டர் சத்தம் போடாமல் இருக்கும். ஆர்டர் கொடுத்தவர் பசியோடு உட்கார்ந்திருப்பார். இரண்டு நிமிடத்தில் யாரும் ஏற்காத ஆர்டருக்குக் கல்லாவில் மணி அடிக்க வேண்டும்.

உங்கள் மாஸ்டர்கள் எந்த மொழி படிப்பார்கள் என்றும் பாருங்கள். இப்போது பல கிச்சன்களில் வடமாநிலத் தொழிலாளர்கள் இருக்கிறார்கள். வாடிக்கையாளர் தமிழில் பார்ப்பதும், கல்லில் இருப்பவர் தனக்குத் தெரிந்த மொழியில் பார்ப்பதும் ஒரே மென்பொருளில் முடியும். ஒவ்வொரு பண்டத்துக்கும் கிச்சனுக்கென்று தனியாக ஒரு சின்னப் பெயர் வைக்க இடம் இருந்தால் போதும்.

மூன்றாம் படி: மெனுவைப் புதிதாக எழுதுங்கள்

அட்டை மெனுவை ஸ்கேன் செய்து பிடிஎஃப் ஆக்கிப் போடுவது மெனுவே இல்லை. போனில் இரண்டு விரலால் இழுத்து இழுத்துப் படிக்க வேண்டியிருக்கும். ஒவ்வொரு பண்டமும் தனி வரியாக, பெயர், விலை, "சேர்" பொத்தான் என்று இருக்க வேண்டும். படம் எல்லாவற்றுக்கும் வேண்டாம். அதிகம் விற்பதற்கும், பெயரைக் கேட்டால் புரியாததற்கும் மட்டும் போடுங்கள். படம் உங்கள் கிச்சனில் எடுத்ததாக இருக்கட்டும். இணையத்தில் எடுத்த பளபளப்பான தோசைப் படத்தைப் பார்த்து ஆர்டர் கொடுப்பவர் தட்டைப் பார்த்ததும் ஏமாந்துவிடுவார்.

நேரப்படி மெனு மாற வேண்டும். காலையில் திறந்தால் பொங்கல் தெரிய வேண்டும், இரவில் திறந்தால் பரோட்டா. இதைத் தானியங்கியாக மணி வைத்து அமையுங்கள்.

"எப்படி வேண்டும்" என்ற தேர்வுகளில் கஞ்சத்தனம் வேண்டாம். முறுகலா மெத்தென்றா, எண்ணெயா நெய்யா, வெங்காயம் பூண்டு இல்லாமலா, சர்க்கரை குறைவாகவா, தனியாகவா, இல்லவே வேண்டாமா. இவை எல்லாம் சப்ளையரிடம் ஒரு வார்த்தையில் சொல்லி வந்தவை. பொத்தானாக இல்லாவிட்டால் குறிப்புப் பெட்டியில் எழுதுவார்கள், அவசரத்தில் யாரும் அதைப் படிக்கமாட்டார்கள்.

காபிக்குத் தனி ஏற்பாடு வேண்டும். போனில் ஆர்டர் கொடுப்பவர் தோசையையும் பில்டர் காபியையும் சேர்த்தே தட்டுவார். கிச்சன் இரண்டையும் சேர்த்தே அனுப்பும். தோசை முடியும்போது காபி ஆறி ஆடை கட்டியிருக்கும். காபி, டீ, ஐஸ்கிரீம், பீடா இவற்றுக்கு "இப்போது", "சாப்பிட்ட பிறகு" என்று இரண்டு பொத்தான் வையுங்கள். "பிறகு" என்று வந்தவை சப்ளையர் போனில் காத்திருக்கட்டும், அவர் டேபிளைப் பார்த்து விடுவிக்கட்டும். இந்த ஒரு வசதியைக் கேட்டாலே, மென்பொருள் செய்தவர் நம் ஹோட்டலில் எப்போதாவது உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறாரா என்று தெரிந்துவிடும்.

சைவ, அசைவக் குறி அவசியம். சதுரத்துக்குள் பச்சை வட்டம் சைவம், பழுப்பு முக்கோணம் அசைவம். சைவம் மட்டும் விற்கும் இடத்திலும் போட்டுவிடுங்கள், வெளியூர்க்காரர்கள் தேடுவார்கள். பால், நிலக்கடலை, முந்திரி, கோதுமை சேர்ந்திருப்பதையும் குறிப்பிடுங்கள். ஒவ்வாமை உள்ள குழந்தையின் அம்மா அந்த ஒரு வரிக்காகவே உங்களை நம்புவார்.

மொழி தமிழில் தொடங்கட்டும், மேலே ஒரு பொத்தானில் ஆங்கிலம் வரட்டும். ராமேஸ்வரம், மதுரை போன்ற இடங்களில் இந்தியும் தெலுங்கும் சேர்ப்பது நல்லது. எழுத்து பெரியதாக இருக்கட்டும். முழுப் பக்கமும் சாதாரண 4ஜி சிக்னலில் சில வினாடிகளில் திறக்க வேண்டும்.

நான்காம் படி: மென்பொருளைத் தேர்ந்தெடுங்கள்

ஏற்கெனவே பில்லிங் மென்பொருள் வைத்திருந்தால் முதலில் அவர்களிடமே கேளுங்கள். பெட்பூஜா போன்ற இந்திய பில்லிங் மென்பொருள்களில் ஸ்கேன் செய்து ஆர்டர் கொடுக்கும் பகுதி கூடுதலாகக் கிடைக்கிறது. ஓடூ என்ற வணிக மென்பொருள் வைத்திருப்பவர்களுக்கு அதன் பில்லிங் பகுதியிலேயே க்யூஆர் மெனுவும் ஆர்டரும் உண்டு. கணினி தெரிந்த ஆள் கையில் இருந்தால் டேஸ்டிஇக்னைட்டர் என்ற கட்டற்ற மென்பொருளை உங்கள் சொந்த சர்வரில் நிறுவலாம். பராமரிக்க ஆள் இல்லாவிட்டால் அந்தப் பக்கம் போகாதீர்கள். பில்லிங் ஒரு மென்பொருளிலும் க்யூஆர் ஆர்டர் தொடர்பே இல்லாத வேறொன்றிலும் ஓடினால், இரவு கணக்கு முடிக்கும்போது தலைவலிதான்.

விற்பனையாளரிடம் கேட்க வேண்டியவை: சாதா ஹாலுக்கும் ஏசி ஹாலுக்கும் தனித்தனி விலை போட முடியுமா? இணையம் அறுந்தால் பில்லிங் ஓடுமா? ரத்து செய்த ஆர்டருக்குக் காரணமும் செய்தவர் பெயரும் பதிவாகுமா? மெனுவையும் விற்பனைக் கணக்கையும் எப்போது வேண்டுமானாலும் கோப்பாக எடுத்துக்கொண்டு வெளியேறலாமா? வாடிக்கையாளர் எண்களை அவர்கள் வேறு எதற்காவது பயன்படுத்துவார்களா? கட்டணம் மாத வாடகையா, ஆர்டருக்கு இத்தனை சதவீதமா? உங்கள் டேபிளில் உட்கார்ந்து, உங்கள் மெனுவைப் பார்த்து ஆர்டர் கொடுப்பவருக்காகச் சதவீதம் தருவதில் நியாயம் இல்லை. வாடகை முறையையே கேளுங்கள்.

ஆப் இறக்கச் சொல்வதும், மெனு காட்டும் முன் ஓடிபி கேட்பதும் வேண்டவே வேண்டாம். பில் போட மொபைல் எண் கொடுத்தே ஆக வேண்டும் என்று வாடிக்கையாளரைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2023 மே மாதத்திலேயே அறிவுறுத்தியிருக்கிறது. சாப்பிட வந்தவரிடம் பெயரும் எண்ணும் கேட்காமல் உணவு கொடுத்து வந்த வழக்கம் நம்முடையது. அதை ஒரு ஸ்டிக்கருக்காக மாற்ற வேண்டாம்.

ஐந்தாம் படி: டேபிளுக்கு அடையாளம் கொடுங்கள்

2023 நவம்பரில் சீனாவின் குன்மிங் நகரில் நடந்தது இது. ஹாட்பாட் உணவகத்தில் சாப்பிட்ட ஒரு பெண் தன் சாப்பாட்டைப் படம் எடுத்து, சீனர்கள் பயன்படுத்தும் விசாட் ஆப்பில் போட்டார். படத்தின் ஓரத்தில் டேபிளின் க்யூஆர் குறியீடும் விழுந்திருந்தது. யார் யாரோ அதை ஸ்கேன் செய்து ஆர்டர் கொடுத்ததில் தொகை 4,30,000 யுவானுக்கு மேல் போய்விட்டது. உணவகம் அவரிடம் பணம் கேட்கவில்லை, வேறு டேபிளுக்கு மாற்றிக் கொடுத்தது. ஆனால் டேபிளில் குறியீடு வைத்திருக்கும் எல்லோருக்கும் அதுவே பாடம். டேபிளில் ஒட்டியது என்றைக்கும் மாறாது, அதைப் படம் எடுத்தவர் வீட்டிலிருந்தும் ஆர்டர் கொடுக்க முடியும்.

இதைத் தடுப்பது சுலபம். மேலே சொன்ன சப்ளையர் ஒப்புதல் முதல் பூட்டு. ஆட்கள் வந்து உட்கார்ந்ததும் டேபிளைத் "திற"ப்பதும், பில் கட்டியதும் "மூடு"வதும் இரண்டாவது. மூடிய டேபிளை ஸ்கேன் செய்தால் மெனு தெரியலாம், ஆர்டர் போகக் கூடாது. மூன்றாவது, இணைய முகவரியில் டேபிள் எண்ணை 1, 2, 3 என்று வைக்காதீர்கள். 7-ஐ 8 ஆக மாற்றிப் பார்த்தால் பக்கத்து டேபிளின் பில் தெரியும் நிலை வந்துவிடும். ஊகிக்க முடியாத எழுத்துக்கோவையாக இருக்கட்டும்.

அப்புறம், நம் ஹோட்டல்களுக்கே உரிய ஒரு சிக்கல்: ஒரே டேபிளில் முன்பின் தெரியாதவர்கள் பகிர்ந்து உட்காருவது. கூட்ட நேரத்தில் நாலு நாற்காலி டேபிளில் ஒரு தம்பதியும் இரண்டு தனி ஆட்களும் இருப்பார்கள். டேபிளுக்கு ஒரு பில் என்று அமைத்தால் மூன்று குழுவின் கணக்கும் கலந்துவிடும். ஒரே டேபிள் எண்ணுக்குள் ஒவ்வொரு குழுவுக்கும் பில் தனியாக இருக்க வேண்டும். முதலில் ஸ்கேன் செய்தவருக்கு 7ஏ, அடுத்தவருக்கு 7பி என்று போகலாம். ஒரே குடும்பத்தில் இரண்டு பேர் ஸ்கேன் செய்தால் "ஏற்கெனவே உள்ள பில்லில் சேரவா, தனி பில்லா?" என்று கேட்க வேண்டும். சேர்ந்தால் அதுவரை தட்டியது இருவருக்கும் தெரிய வேண்டும், இல்லாவிட்டால் அப்பாவும் மகளும் தனித்தனியாக நாலு நாலு காபி சொல்லிவிடுவார்கள். பகிர்ந்து உட்காரும் பழக்கம் உங்கள் சாதா ஹாலில் அதிகம் என்றால், க்யூஆரை ஏசி ஹாலில் மட்டும் வைப்பதே நல்ல முடிவு.

ஆறாம் படி: குறியீட்டை உருவாக்கி அச்சடியுங்கள்

"இலவச க்யூஆர்" தளங்களில் உருவாக்கினால், பலவற்றில் அந்தக் குறியீடு அவர்கள் முகவரி வழியாகத்தான் உங்கள் மெனுவுக்குப் போகும். சில நாள் கழித்துச் சந்தா கேட்டு நிறுத்திவிட்டால் எல்லா டேபிளும் ஒரே நாளில் செத்துப்போகும். உங்கள் சொந்த டொமைன் பெயரில் முகவரி வையுங்கள். நாளைக்கு மென்பொருள் மாற்றினாலும் அந்த முகவரியைப் புதிய இடத்துக்குத் திருப்பிவிட்டால் போதும், ஸ்டிக்கர் அப்படியே இருக்கும்.

முகவரி சின்னதாக இருக்கட்டும். குறியீடு எவ்வளவு சேதம் தாங்க வேண்டும் என்று உருவாக்கும்போதே நிலை தேர்ந்தெடுக்கலாம். 32 எழுத்துக்குள் இருந்தால், 25 சதவீதச் சேதம் தாங்கும் 'க்யூ' நிலையிலேயே 29க்கு 29 கட்டங்களில் அடங்கிவிடும். 100 எழுத்து முகவரி என்றால் அதே நிலைக்கு 49க்கு 49 கட்டம் தேவை. கட்டம் பொடியாகப் பொடியாகப் பழைய போன்கள் திணறும். க்யூஆரை 1994-இல் ஜப்பானின் டென்சோ வேவ் நிறுவனம் கார் உதிரிபாகங்களைக் கணக்கெடுக்கத்தான் உருவாக்கியது. தொழிற்சாலை அழுக்கும் எண்ணெய்க் கறையும் பட்டாலும் படிக்க முடிய வேண்டும் என்பது அப்போதே நோக்கம். சாம்பார் தெறித்த டேபிளுக்கும் அது உதவுகிறது. நடுவில் உங்கள் சின்னத்தைப் போட ஆசை என்றால் 30 சதவீதம் தாங்கும் 'எச்' நிலையை எடுங்கள். நான் சின்னமே போடமாட்டேன்.

அளவுக்கு ஒரு எளிய கணக்கு: ஸ்கேன் செய்யும் தூரத்தில் பத்தில் ஒரு பங்கு. உட்கார்ந்தபடி 40 சென்டிமீட்டரில் போன் பிடிப்பவருக்கு 4 சென்டிமீட்டர் போதும், 5 வைத்தால் நிம்மதி. வெள்ளையில் கறுப்பு அச்சு. சுற்றிலும் நாலு கட்ட அகலத்துக்கு வெற்றிடம் விடுங்கள், அங்கே கோலமோ பூவேலையோ வேண்டாம். பளபளப்பான லேமினேஷனில் டியூப்லைட் பட்டு எதிரொளிக்கும், மேட் லேமினேஷன் சொல்லுங்கள். டேபிள் மேல் ஒட்டினால் ஈரத்துணியால் நாள் முழுக்கத் துடைபடும், இலை போட்டால் மறையும். சுவர் ஓர டேபிளுக்குச் சுவரில், மற்றவற்றுக்குக் கனமான அடி கொண்ட ஸ்டாண்டில் வையுங்கள். டேபிள் எண் கண்ணில் படும்படி பெரிதாக இருக்கட்டும்.

இங்கே ஒன்றை எல்லோரும் தவறவிடுகிறார்கள். நம் ஊரில் க்யூஆர் என்றாலே பணம் கட்டத்தான் என்று பழகிவிட்டது. கட்டம் கட்டமாக எதைப் பார்த்தாலும் கை ஜிபே, போன்பே பக்கம்தான் போகும். மெனு குறியீட்டைப் பணம் அனுப்பும் ஆப்பில் ஸ்கேன் செய்து, "இது வேலை செய்யலையே" என்று வைத்துவிடுவார்கள். ஆகவே குறியீட்டின் மேலே பெரிய எழுத்தில் "மெனு பார்க்க, ஆர்டர் சொல்ல" என்றும், கீழே "போன் கேமராவில் காட்டுங்கள்" என்றும் எழுதுங்கள். பணம் கட்டும் க்யூஆர் அதே ஸ்டாண்டில் இருக்கவே கூடாது. கடைசி வரியாக, "சப்ளையரிடமும் சொல்லலாம்". அந்த வரியை விட்டுவிடாதீர்கள்.

ஏழாம் படி: இணையம்

ஒவ்வொரு டேபிளிலும் உட்கார்ந்து, வெவ்வேறு நிறுவன சிம்களில் மெனு திறந்து பாருங்கள். கண்ணாடி அடைத்த ஏசி ஹாலிலும் கீழ்த்தளத்திலும் சிக்னல் படுத்துவிடும். அங்கே வாடிக்கையாளர் வைஃபை தேவைப்படும். அது பில்லிங் கணினியும் பிரின்டரும் இருக்கும் நெட்வொர்க்கிலிருந்து முழுக்கப் பிரிந்திருக்க வேண்டும். ஹோட்டலின் சொந்த நெட்வொர்க்குக்கு ஃபைபர் இணைப்போடு சிம் போடும் ரௌட்டரும் வையுங்கள், ஒன்று போனால் மற்றது எடுத்துக்கொள்ளும். ரௌட்டருக்கும் கிச்சன் பிரின்டருக்கும் யுபிஎஸ் இருக்கிறதா பாருங்கள். கரண்ட் போனால் ஜெனரேட்டர் வரும் இடைவெளியில்தான் எல்லாம் தொலையும். இவ்வளவுக்குப் பிறகும் கல்லாவில் ஒரு கட்டு கேஓடி புத்தகமும் பேனாவும் இருக்கட்டும்.

எட்டாம் படி: பில்லும் பணமும்

டேபிளிலேயே பணம் கட்டும் வசதி தேவையா? உட்கார்ந்து சாப்பிடும் ஹோட்டலுக்கு, என் கருத்தில், ஆரம்பத்தில் தேவையில்லை. சாப்பிட்டு, கை கழுவி, கல்லாவுக்கு வந்து, ஸ்கேன் செய்து, சவுண்ட்பாக்ஸ் தொகையைச் சொன்னதும் கிளம்புவது நன்றாக நடந்துகொண்டிருக்கிறது. அதைக் கலைக்க வேண்டாம். ஜூஸ் கடை, ஃபுட் கோர்ட் போன்ற இடங்களில் முன்பணம் வாங்குவது சரி.

வைப்பதானால் தனிநபர் யுபிஐ எண்ணில் வைக்காதீர்கள், வணிகக் கணக்கு வேண்டும். தொகை ஏற்கெனவே நிரம்பிய, அந்தப் பில்லுக்கு மட்டுமான குறியீடு காட்டப்பட வேண்டும். பணம் வந்தது என்பதை வங்கியோ, பணம் வாங்கித் தரும் பேமென்ட் கேட்வே நிறுவனமோ உங்கள் மென்பொருளுக்கு நேரடியாகச் சொல்ல வேண்டும். வாடிக்கையாளர் காட்டும் ஸ்கிரீன்ஷாட் ஆதாரம் ஆகாது. ரொக்கம் கொடுப்பவரை எப்போதும் வரவேற்க வேண்டும்.

வரி விஷயத்தில், தனியாக நடக்கும் உணவகங்களுக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம், உள்ளீட்டு வரிக் கழிவு (வாங்கும் பொருளுக்குக் கட்டிய வரியைக் கழித்துக்கொள்வது) கிடையாது. ஏசி ஹால், சாதா ஹால் இரண்டுக்கும் ஒரே விகிதம்தான். சிறு வணிகர்களுக்கான காம்போசிஷன் வரித் திட்டத்தில் இருப்பவர்கள் வாடிக்கையாளரிடம் வரியைத் தனியாக வசூலிக்கக் கூடாது, மென்பொருளில் அதை அணைத்து வையுங்கள். போனில் காட்டும் விலை வரி சேர்த்ததா இல்லையா என்பது மெனுவிலேயே தெரிய வேண்டும். பில்லில் ஜிஎஸ்டி எண்ணும் உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ-யின் 14 இலக்க எண்ணும் இருக்க வேண்டும். பில் எண் வரிசை அறுபடக் கூடாது.

சில வெளிநாட்டு மென்பொருள்களில் சேவைக் கட்டணம் தானாகவே சேரும்படி அமைந்திருக்கும். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் அப்படித் தானாகச் சேர்க்கக் கூடாது என்று வழிகாட்டுதல் வெளியிட்டது. 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அதை நீக்கிவிட்டுத்தான் மெனுவைத் திறக்க வேண்டும்.

ஒன்பதாம் படி: சப்ளையர்களோடு உட்கார்ந்து பேசுங்கள்

ஸ்டிக்கர் வந்த அன்றே, "நம்மை வீட்டுக்கு அனுப்பப் போகிறார்கள்" என்ற பேச்சு கிளம்பிவிடும். ஆட்குறைப்புக்காக இதைச் செய்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன்: ஆளைக் குறைத்தால் இரண்டாவது சாம்பார் யார் ஊற்றுவது? தண்ணீர் யார் வைப்பது? எழுதுவதில் மிச்சமாகும் நேரம் டேபிளைக் கவனிப்பதற்குத்தான் போக வேண்டும். இதை முதலாளியே நேரில், வேலை தொடங்கும் முன் சொல்லிவிட வேண்டும்.

டிப்ஸ் பற்றியும் பேசிவிடுங்கள். பில்லில் மீதிச் சில்லறை வைப்பது குறைந்து வருகிறது, போனில் பணம் கட்டினால் இன்னும் குறையும். விருப்பப்பட்டால் டிப்ஸ் சேர்க்கும் பொத்தான் வைக்கலாம், ஆனால் தொடக்கத் தொகை பூஜ்யமாக இருக்க வேண்டும், வந்த பணம் அன்றைக்கே முழுதாகச் சப்ளையர்களுக்குப் போக வேண்டும்.

வயதானவர் வந்தால் ஸ்டாண்டைக் காட்டக் கூடாது. "என்ன சாப்பிடுறீங்க ஐயா?" என்று கேட்டுவிடுவதுதான் முறை. தனியாக வரும் தொழிலாளி, அவசரத்தில் இருப்பவர், கண்ணாடி எடுத்துவர மறந்தவர், சார்ஜ் தீர்ந்தவர், யாருக்கும் போன் ஒரு நுழைவுச் சீட்டாக ஆகிவிடக் கூடாது. அச்சடித்த மெனு அட்டை சில எப்போதும் இருக்கட்டும்.

பயிற்சி என்று தனியாக வகுப்பு வேண்டாம். மத்தியானம் ஓய்ந்த நேரத்தில் சப்ளையர்களையே டேபிளில் உட்கார வைத்து, அவர்கள் போனில் ஆர்டர் கொடுக்கச் சொல்லுங்கள், அந்த டிபனை அவர்களுக்கே கொடுங்கள். எங்கே தடுமாறுகிறது என்று அவர்களே சொல்வார்கள்.

பத்தாம் படி: ஏசி ஹாலில் ஒரு வரிசை மட்டும்

செவ்வாய், புதன் போன்ற கூட்டம் குறைந்த நாளில், மாலை டிபனுக்கு, நாலு டேபிளில் தொடங்குங்கள். முகூர்த்த நாளிலும் பண்டிகை வாரத்திலும் ஆரம்பிக்காதீர்கள். கவனிக்க வேண்டியது, ஸ்கேன் செய்தவர்களில் எத்தனை பேர் ஆர்டர் வரை போனார்கள், ஆர்டர் கொடுத்து முதல் தட்டு வர எவ்வளவு நேரம் ஆயிற்று, எத்தனை ரத்து, என்ன காரணம் என்பவை. பாதியில் விட்டவர்கள் எந்த இடத்தில் விட்டார்கள் என்று பாருங்கள். பக்கம் மெதுவாகத் திறந்ததா, தேடியது கிடைக்கவில்லையா, எண் கேட்டதும் மூடிவிட்டார்களா? அதைச் சரி செய்த பிறகே அடுத்த வரிசைக்குப் போங்கள்.

ஓட ஆரம்பித்த பிறகு தினசரி வேலை சில உண்டு. காலையில் கடை திறக்கும்போது ஒரு டேபிளிலிருந்து ஒரு காபி ஆர்டர் அனுப்பி, சீட்டு வருகிறதா பார்த்து ரத்து செய்யுங்கள். விலை மாற்றினால் அட்டை, போன், சுவர்ப் பலகை மூன்றிலும் ஒரே நாளில் மாற்றுங்கள். இரவில் டேபிள் துடைப்பவர் ஒவ்வொரு குறியீட்டின் ஓரத்தையும் விரலால் தடவிப் பார்க்கட்டும். அசல் குறியீட்டின் மேல் வேறொன்றை ஒட்டி ஏமாற்றுவது உலகெங்கும் நடக்கிறது. 2022 தொடக்கத்தில் அமெரிக்காவின் ஆஸ்டின் நகரில் பார்க்கிங் மீட்டர்களிலேயே போலி ஸ்டிக்கர்களைக் கண்டுபிடித்தார்கள். ஓரம் தடித்திருந்தால் உடனே உரித்துவிட்டு, கல்லாவில் இருக்கும் உபரிப் பிரதியை வையுங்கள். அதற்காகவே ஒவ்வொரு டேபிளுக்கும் இரண்டு பிரதி அச்சடித்து வைத்துக்கொள்ளுங்கள்.